ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் குடுக்கிற நாள்ல உங்க ஃபைல் எல்லாம் எங்க இருக்கும்? பாக்கெட்ல போட்டுக்கிற ஒரு எஸ்எஸ்டி பத்தி



உங்க போன வருஷ ஃபார்ம் 16 இப்ப எந்த கம்ப்யூட்டர்ல இருக்கு?

"ஆபீஸ் லேப்டாப்ல, டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல"ன்னு உங்கள்ல பல பேர் மனசுக்குள்ள சொல்லியிருப்பீங்க. ஃபார்ம் 16 மட்டுமா? பேங்க் ஸ்டேட்மெண்ட், வாடகை ரசீது, ஹோம் லோன் வட்டி சர்டிஃபிகேட், மியூச்சுவல் ஃபண்ட் கேபிடல் கெயின் ஸ்டேட்மெண்ட், ஆதார் ஸ்கேன், பிரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்டு எல்லாமே கம்பெனிக்குச் சொந்தமான ஒரு மெஷின்ல கிடக்கு. நீங்களா வேலையை விட்டா நோட்டீஸ் பீரியட்ல நிதானமா எடுத்துக்கலாம். ஆனா கம்பெனி உங்களை அனுப்புற நாள் வந்தா, பல இடத்துல முதல்ல லேப்டாப் லாக் ஆகும், அதுக்கப்புறம் தான் எச்ஆர் கூப்பிடுவாங்க. அப்ப போய் "சார், என் பான் கார்டு ஸ்கேன் அதுல இருக்கு"ன்னு கெஞ்ச வேண்டியது தான். முன்னாடியே எடுத்துக்கலாம்னா, பென்டிரைவ் செருகின உடனே செக்யூரிட்டி டீமுக்கு அலர்ட் போற கம்பெனிகளும் நிறைய.

சரி, அதுக்காக உடனே 50,000 ரூபா போட்டு சொந்தமா ஒரு லேப்டாப் வாங்கணுமா? தேவை இருந்தா வாங்குங்க, நான் தடுக்கல. ஆனா வருஷத்துக்கு நாலு தடவை வரி வேலை, மாசத்துக்கு ஒரு தடவை பேங்க் வேலை, இதுக்கு மட்டும்னா யோசிங்க. "நோ காஸ்ட் ஈஎம்ஐ தானே"ன்னு சொல்லாதீங்க. நோ காஸ்ட்ல வட்டி இல்லாம போறது இல்ல. கடைக்காரர் அந்த வட்டியை டிஸ்கவுண்டா கழிச்சுக் காட்டுறார், பேங்க் அதை வட்டியாவே வசூல் பண்ணுது, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க தலையில. 50,000 ரூபாயை 12 மாச ஈஎம்ஐல போட்டு, பேங்க் வட்டி 15 சதவீதம்னு வெச்சுக்கிட்டா, உள்ளே ஒளிஞ்சிருக்கிற வட்டி சுமார் 3,836 ரூபா, அதுக்கு ஜிஎஸ்டி சுமார் 690 ரூபா. ப்ராசஸிங் ஃபீ தனி.

இன்னொரு வழி இருக்கு. பிஜில ரூம்மேட்டோட லேப்டாப், ஊர்ல அப்பாவோட பழைய டெஸ்க்டாப், தங்கச்சியோட காலேஜ் லேப்டாப்னு நம்மைச் சுத்தி மெஷினுக்குப் பஞ்சம் இல்ல. பிரச்சனை என்னன்னா, அடுத்தவங்க விண்டோஸ்ல உக்காந்து நம்ம நெட் பேங்கிங்கைத் திறக்க மனசு வராது. வரவும் கூடாது. அதுக்குத் தான் பூட் ஆகுற எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி. ஆபரேட்டிங் சிஸ்டம், ஆப், ஃபைல், பாஸ்வேர்டு எல்லாம் அந்த டிரைவ் உள்ளேயே இருக்கும். எந்த மெஷின்ல செருகி ஆன் பண்ணினாலும், அந்த மெஷினோட விண்டோஸ் எழுந்திருக்காது, உங்க சிஸ்டம் தான் எழுந்திருக்கும். மேஜை அவங்களோடது, டிபன் கேரியர் நம்மளோடது.

கேக்க சுலபமா இருக்கு. ஆனா யூட்யூபைப் பாத்து இன்ஸ்டால் பண்ணிட்டு "வீட்டு மெஷின்ல ஓடுது, ஊருக்குப் போனா ஓடல"ன்னு சொல்றவங்க தான் அதிகம். காரணத்தைப் புரிஞ்சுக்கிட்டா நீங்க அதுல மாட்ட மாட்டீங்க.

விண்டோஸையே போட்டுக்கலாமா?

எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி. மைக்ரோசாப்டே ஒரு காலத்துல இதுக்கு வழி வெச்சிருந்தாங்க. விண்டோஸ் டு கோன்னு பேரு, 2012-ல விண்டோஸ் 8 என்டர்பிரைஸோட வந்துச்சு. 2020-ல வந்த விண்டோஸ் 10-ன் 2004 வெர்ஷன்ல அதை எடுத்துட்டாங்க. இப்பவும் சில டூல் வெச்சு பண்ணலாம், ஆனா லைசென்ஸ் கணக்கு இடிக்கும். லேப்டாப்போட சேர்ந்து வர்ற ஓஈஎம் லைசென்ஸ் அந்த லேப்டாப்போட கட்டுப்பட்டது, வேற மெஷினுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. தனியா வாங்குற ரீடெய்ல் லைசென்ஸை மாத்தலாம், ஆனா ஒரு நேரத்துல ஒரு மெஷின் தான். ஒவ்வொரு மெஷினா மாத்தி மாத்திச் செருகினா ஆக்டிவேஷன் மக்கர் பண்ணும்.

இதோட சேர்ந்த இன்னொரு கேஸ். லேப்டாப் மதர்போர்டு போயிடுச்சு, உள்ளே இருந்த எஸ்எஸ்டியைக் கழட்டி ஒரு யூஎஸ்பி கேஸ்ல போட்டு வேற மெஷின்ல பூட் பண்ணலாம்னு பாப்பாங்க. பெரும்பாலும் நீல ஸ்க்ரீன் தான் வரும். பூட் ஆகலன்னா ஃபைல் போச்சுன்னு அர்த்தம் இல்ல. இன்னொரு விண்டோஸ் மெஷின்ல சாதாரண டிரைவ் மாதிரி செருகினா ஃபைல்களைப் படிக்கலாம். ஆனா அது பிட்லாக்கர்ல பூட்டியிருந்தா 48 இலக்க ரெகவரி கீ கேக்கும். நிறைய புது லேப்டாப்ல அந்தப் பூட்டு, நீங்க ஒண்ணும் பண்ணாமலே, மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணினதும் விழுந்திருக்கும். உங்க அக்கவுண்ட்ல போய் அந்தக் கீயை இன்னிக்கே பாத்து எழுதி வெச்சுக்கோங்க. லேப்டாப் செத்த பிறகு தேடறதை விட இது மேல்.

அதனால இந்த வேலைக்கு என் சாய்ஸ் லினக்ஸ். இலவசம், லைசென்ஸ் தொந்தரவு இல்ல, முக்கியமா ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் "இப்ப எந்த மெஷின்ல இருக்கேன்"னு அதுவே பாத்து, தேவையான டிரைவரை எடுத்துக்கும். உபுண்டு இதுக்கு நல்லா ஒத்துவரும். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட்டும் முடிஞ்சதால, வீட்ல விண்டோஸ் 11 ஏறாத பழைய டெஸ்க்டாப் இருந்தா அதுக்கும் இதே எஸ்எஸ்டி உயிர் குடுக்கும்.

பயப்படாதீங்க, சம்பளக்காரங்களோட வரி வேலை முழுக்க பிரவுசர்லயே முடியும். ஐடிஆர் 1 ஆன்லைன்லயே ஃபில் பண்ணலாம், ஏஐஎஸ், 26ஏஎஸ் டவுன்லோட் பண்ணலாம், ஆதார் ஓடிபி வெச்சு 30 நாளைக்குள்ள ஈ-வெரிஃபை பண்ணலாம். வருமான வரித் துறையோட எக்செல் யூட்டிலிட்டி மட்டும் மைக்ரோசாப்ட் எக்செல் மேக்ரோவை நம்பி இருக்கிறதால லினக்ஸ்ல இருக்கிற லிப்ரே ஆபீஸ்ல அது சரியா ஓடாது. ஆன்லைன்லயே ஃபில் பண்றவங்களுக்கு அது தேவையே இல்ல.

ஒரு மெஷின்ல ஓடுது, இன்னொண்ணுல ஓடல. ஏன்?

கம்ப்யூட்டரை ஆன் பண்ணினதும் முதல்ல முழிக்கிறது விண்டோஸும் இல்ல, லினக்ஸும் இல்ல. மதர்போர்டுல இருக்கிற யூஈஎஃப்ஐன்னு ஒரு சின்ன ப்ரோக்ராம். பழைய பேச்சுல பயாஸ். "எந்த டிரைவ்ல எந்த ஃபைலைக் கூப்பிடணும்"னு ஒரு லிஸ்ட் அதுகிட்ட இருக்கும். கவனிங்க, அந்த லிஸ்ட் மதர்போர்டுல இருக்கு, உங்க டிரைவ்ல இல்ல. நீங்க வீட்டு மெஷின்ல இன்ஸ்டால் பண்ணும்போது வீட்டு மெஷினோட லிஸ்ட்ல தான் பேர் ஏறும். அப்பா மெஷினுக்கு உங்க டிரைவ் யாருன்னே தெரியாது.

முன்பின் தெரியாத டிரைவ் வந்தா யூஈஎஃப்ஐ என்ன பண்ணும்? அந்த டிரைவ்ல இருக்கிற ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் உள்ளே போய், பூட்ங்கிற ஃபோல்டர்ல, பூட்எக்ஸ்64ன்னு ஒரு ஃபைல் இருக்கான்னு பாக்கும். இருந்தா அதை ஓட்டும். இல்லன்னா கண்டுக்காம விட்டுடும். உங்க டிரைவ் ஊர் ஊரா ஓடணும்னா இந்த ஒரு ஃபைல் அதுக்குள்ளயே இருக்கணும்.

இங்க தான் பொறி இருக்கு. உபுண்டுவோட பழைய இன்ஸ்டாலர்ல ரொம்ப வருஷமா ஒரு பழக்கம். நீங்க எக்ஸ்டர்னல் டிரைவைத் தேர்ந்தெடுத்தாலும், பூட் ஃபைல்களை மட்டும் லேப்டாப் உள்ளே இருக்கிற டிஸ்க்கோட ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்ல கொண்டு போய் வெச்சுடும். விளைவு ரெண்டு பக்கமும் அடி. டிரைவை வேற மெஷின்ல செருகினா பூட் ஆகாது. டிரைவைக் கழட்டிட்டு வீட்டு லேப்டாப்பை ஆன் பண்ணினா, விண்டோஸுக்குப் பதிலா கருப்பு ஸ்க்ரீன்ல கிரப்னு ஒரு வரி வந்து நிக்கும். அது தங்கச்சியோட லேப்டாப்பா இருந்தா அன்னிக்கு வீட்ல உங்களுக்குச் சோறு கிடையாது.

இதைத் தவிர்க்க ஒரே உறுதியான வழி: இன்ஸ்டால் பண்றப்ப உள்ளே இருக்கிற டிஸ்க் கண்ணுலயே படக்கூடாது. டெஸ்க்டாப்னா பவரை ஆஃப் பண்ணிட்டு டிஸ்க்கோட கேபிளைக் கழட்டிடுங்க. லேப்டாப்னா, சில மாடல்ல பயாஸ்லயே உள் டிஸ்க்கை டிசேபிள் பண்ண முடியும். அப்ப இன்ஸ்டாலருக்குத் தெரியறது ரெண்டே டிரைவ் தான். ஒண்ணு இன்ஸ்டாலர் இருக்கிற பென்டிரைவ், இன்னொண்ணு உங்க எஸ்எஸ்டி. ரெண்டாவதுல தான் எல்லாத்தையும் எழுதும். முடிஞ்சதும் மேலே சொன்ன பூட்எக்ஸ்64 ஃபைல் எஸ்எஸ்டியோட ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்ல இருக்கான்னு பாருங்க. இல்லன்னா கிரப் இன்ஸ்டால் கட்டளையை "ரிமூவபிள்"ங்கிற ஆப்ஷனோட ஒரு தடவை ஓட்டினா வந்துடும். லினக்ஸ் தெரிஞ்ச நண்பருக்கு இது அஞ்சு நிமிஷ வேலை, ஒரு டீ வாங்கிக் குடுத்தா போதும்.

பென்டிரைவ்லயே முழு சிஸ்டத்தையும் போட்டா காசு மிச்சம் தானேன்னு கேப்பீங்க. வேண்டாம். சின்னச் சின்ன ஃபைலை எழுதுறதுல பென்டிரைவ் ஆமை வேகம், சீக்கிரம் தேஞ்சும் போகும். 256 ஜிபி எஸ்எஸ்டியே இந்த வேலைக்குத் தாராளம், 1 டிபி வரைக்கும் போக வேண்டாம். கையில பழைய எஸ்எஸ்டி சும்மா கிடந்தா யூஎஸ்பி கேஸ் மட்டும் வாங்கினா போதும்.

இன்ஸ்டால் பண்ணும்போது என்க்ரிப்ஷன் வேணுமான்னு கேக்கும். வேணும். ஷேர் ஆட்டோல விழுந்தா உங்க ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் அடுத்தவன் கையில. பாஸ்ஃப்ரேஸ் வெச்சுப் பூட்டுறதைத் தேர்ந்தெடுங்க. டிபிஎம் சிப் வெச்சுப் பூட்டுற ஆப்ஷன் கண்ணுல பட்டா அதைத் தொடாதீங்க. அந்தச் சிப் ஒரு மெஷினோட மதர்போர்டுல இருக்கு, அதை நம்பிப் பூட்டினா வேற மெஷின்ல சாவி இருக்காது. நமக்கு வேண்டியது எந்த மெஷினையும் நம்பாத டிரைவ்.

அடுத்தவங்க மெஷின்ல செருகும்போது

முதல்ல கேட்டுட்டுச் செருகுங்க. இது மரியாதைக்காக மட்டும் இல்ல. அவங்க விண்டோஸ் பிட்லாக்கர்ல இருந்தா, பயாஸ்ல நீங்க எதையாவது மாத்தினா அடுத்த தடவை அது ரெகவரி கீ கேக்க வாய்ப்பு இருக்கு. அவங்ககிட்ட அந்தக் கீ இல்லன்னா அவங்க டேட்டா போச்சு. அதனால செக்யூர் பூட்டை அணைக்காதீங்க. உபுண்டு, ஃபெடோரா ரெண்டும் செக்யூர் பூட் ஆன்ல இருக்கும்போதே ஓடும். பூட் வரிசையையும் நிரந்தரமா மாத்த வேண்டாம். ஆன் பண்ணும்போது ஒரு தடவைக்கு மட்டும் வர்ற பூட் மெனு போதும். டெல், லெனோவோல எஃப்12, எச்பில எஃப்9. கீ ஏதாவது கேட்டாலும் கைவசம் இருக்கட்டும்னு, செருகறதுக்கு முன்னாடியே அவங்க ரெகவரி கீயை எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க.

மெஷின் ஆன்ல இருக்கும்போது, விண்டோஸ் ஓடும்போது, இந்த டிரைவைச் செருகாதீங்க. லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணினா தான் பயன்படுத்த முடியும்"னு ஒரு பெட்டி வரும். அதுல ஃபார்மேட் பட்டனை அழுத்தினா உங்க கதை முடிஞ்சது. குடும்பத்துல எல்லாருக்கும் இதைச் சொல்லி வைங்க. டிரைவ் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி "ஃபார்மேட் பண்ணாதே"ன்னு எழுதினாலும் தப்பில்ல.

வேலை முடிஞ்சதும் ஷட் டவுன் பண்ணிட்டுத் தான் கழட்டணும். ஸ்லீப்ல போட்டுட்டுப் பிடுங்கி வேற மெஷின்ல செருகினா ஃபைல் சிஸ்டம் கெட்டுப் போகலாம். ஹைபர்னேட் இன்னும் மோசம். பழைய மெஷினோட நினைவை புது மெஷின்ல எழுப்பப் பாக்கும். ரெண்டையும் செட்டிங்ஸ்லயே அணைச்சு வெச்சுடுங்க. அதே மாதிரி அந்த மெஷின் உள்ளே இருக்கிற விண்டோஸ் டிஸ்க்கைத் திறந்து எதையும் எழுதாதீங்க. விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ல பாதித் தூக்கத்துல இருக்கும், அது மேல எழுதினா அவங்க ஃபைலுக்கு ஆபத்து.

இந்தியாக்காரங்களுக்கே உரிய ஒரு வேடிக்கை சொல்றேன். மதர்போர்டு கடிகாரத்துல விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வெச்சிருக்கும், லினக்ஸ் யூடிசி நேரத்தை வெச்சிருக்கும். நீங்க வேலையை முடிச்சுட்டுப் போன பிறகு அவங்க விண்டோஸ் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டும். சும்மா கடிகாரம் தானேன்னு விடாதீங்க. நேரத்தை வெச்சு ஆறு இலக்கக் கோடு போடுற ஆத்தென்டிகேட்டர் ஆப் அந்த லேப்டாப்ல இருந்தா கோடு எல்லாம் தப்பாகும். லினக்ஸ்ல "டைம்டேட்சிடிஎல்" கட்டளைல உள்ளூர் நேரத்தையே பயன்படுத்துன்னு ஒரு தடவை சொல்லிட்டா பிரச்சனை தீர்ந்தது.

சில மெஷின்ல வைஃபை மட்டும் வேலை செய்யாது. கவலைப்படாதீங்க, போனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் போட்டா நெட் வந்துடும்.

எங்கெல்லாம் ஓடாது? 2020-க்கு அப்புறம் வந்த ஆப்பிள் சிப் இருக்கிற மேக்ல ஓடாது. 2018-லிருந்து வந்த, டி2 சிப் இருக்கிற இன்டெல் மேக், வெளி டிரைவ்ல பூட் ஆகுறதை முதல்லயே தடுத்து வெச்சிருக்கும், செட்டிங்கை மாத்தணும். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்லயும் நம்ம டிரைவ் எழாது, அதோட பாஷையே வேற.

எங்கெல்லாம் செருகவே கூடாது? ஆபீஸ் லேப்டாப். ஓடுமா ஓடாதாங்கிறது பேச்சே இல்ல. பல கம்பெனில பயாஸை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருப்பாங்க. பூட்டலன்னாலும் கம்பெனி மெஷின்ல வேற சிஸ்டத்தை ஓட்டுறது ஐடி பாலிசிக்கு எதிரானது, பிட்லாக்கர் கீ கேட்டா அது ஐடி டீம்கிட்ட தான் இருக்கும், நீங்க போய் விளக்கம் சொல்லணும். வேலையைக் காப்பாத்த டிரைவ் வாங்கிட்டு அதாலேயே வேலைக்கு வேட்டு வைக்க வேண்டாம். அடுத்து, பிரவுசிங் சென்டர். அங்க இருக்கிற விண்டோஸ் வைரஸ் உங்க சிஸ்டத்துல ஓடாதுங்கிறது உண்மை. ஆனா கீபோர்டுக்கும் சிபியூவுக்கும் நடுவுல ஒரு சின்ன கீலாகரைச் செருகி வெச்சிருந்தா நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அதுக்குத் தெரியும். டிரைவ் உங்களோடது, கீபோர்டு உங்களோடது இல்ல.

வரிக் கணக்கு

சிஏ எழுதுற பதிவுல இது இல்லாம எப்படி? "இந்த எஸ்எஸ்டிக்கு ஜிஎஸ்டி பில் வாங்கினா ஐடிஆர்ல கழிச்சுக்கலாமா"ன்னு கேட்டா, சம்பள வருமானத்துல முடியாது. உங்களுக்குக் கிடைக்கிறது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் மட்டும் தான், புது முறைல 75,000, பழைய முறைல 50,000. லேப்டாப் வாங்கினாலும் அதே கதை. பில்லை வாரன்டிக்காக வெச்சுக்கோங்க.

ஆனா வேலையை விடும்போது "பழைய லேப்டாப்பை நீயே எடுத்துக்கிறியா"ன்னு கம்பெனி கேட்டா காது குடுத்துக் கேளுங்க. செக்யூரிட்டிக்காக பல கம்பெனி உள்ளே இருக்கிற டிஸ்க்கை உருவிட்டுத் தான் குடுப்பாங்க. உங்ககிட்ட பூட் ஆகுற எஸ்எஸ்டி இருந்தா அந்த வெறும் லேப்டாப் அன்னிக்கு ராத்திரியே ஓடும். பயாஸ் பாஸ்வேர்டை எடுத்துட்டுக் குடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா பூட் மெனுவே வராது.

அதுக்கு ஒரு வரிக் கணக்கு உண்டு. கம்பெனி கம்மி விலைக்குக் குடுத்தா அந்த வித்தியாசம் உங்களுக்குப் பெர்க்விசிட், அதாவது சம்பளத்தோட சேர்த்து வரி. வருமான வரி விதிகள்ல கம்ப்யூட்டருக்கு முழுசா முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 50 சதவீதம் கழிப்பாங்க, மீதி இருக்கிற மதிப்பு மேல. கம்பெனி 80,000 ரூபாய்க்கு வாங்கின லேப்டாப், மூணு வருஷம் முடிஞ்சா 40,000, 20,000, 10,000-னு இறங்கும். அதை 4,000 ரூபாய்க்கு உங்களுக்குக் குடுத்தா 6,000 ரூபா உங்க வருமானத்துல சேரும். 20 சதவீத ஸ்லாப்ல இருந்தா செஸ்ஸோட 1,248 ரூபா. 4,000 விலையோட சேர்த்தாலும் 5,248 தான். மெஷின் நல்ல நிலைமைல இருந்தா எடுத்துக்கோங்க. ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட்ல இந்தத் தொகையைக் காட்டியிருக்காங்களான்னு மட்டும் பாருங்க.

பாஸ்ஃப்ரேஸ் யாருக்குத் தெரியும்?

எஸ்எஸ்டி சொல்லாம கொள்ளாம சாகும். ஹார்ட் டிஸ்க் மாதிரி கடகடன்னு சத்தம் போட்டு எச்சரிக்காது. அதனால வரி ஃபோல்டரோட இன்னொரு காப்பி, அதுவும் என்க்ரிப்ட் பண்ணினது, வேற ஒரு டிரைவ்ல இருக்கணும். சம்பளம் வர்ற நாள்ல ஒரு தடவை காப்பி பண்ணிடுங்க. என்னைக் கேட்டா ஆறு வருஷ பேப்பராவது கையில இருக்கணும்.

அடுத்தது தான் யாரும் யோசிக்காத விஷயம். இந்தப் பூட்டுக்கு "ஃபர்காட் பாஸ்வேர்டு" கிடையாது. நீங்க மறந்தாலும் போச்சு, உங்களுக்கு ஏதாவது ஆனாலும் போச்சு. உங்க இன்சூரன்ஸ் பாலிசி நம்பர், எஃப்டி விவரம், டீமாட் அக்கவுண்ட் எல்லாம் அதுக்குள்ள இருக்கு, வீட்ல யாருக்கும் திறக்கத் தெரியாது. நல்ல வேளையா லினக்ஸோட லக்ஸ் என்க்ரிப்ஷன்ல ஒரே பூட்டுக்கு ஒண்ணுக்கு மேற்பட்ட பாஸ்ஃப்ரேஸ் வைக்கலாம். ரெண்டாவதா ஒண்ணு சேருங்க. அதை ஒரு பேப்பர்ல தெளிவா எழுதி, எந்தப் பட்டனை அழுத்திப் பூட் பண்ணணும்னும் ரெண்டு வரி எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரம் இருக்கிற பீரோல வெச்சுடுங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவையோ, அம்மாவையோ, வீட்டுக்காரரையோ, வீட்டம்மாவையோ உக்கார வெச்சு, நீங்க கை வைக்காம, அந்தப் பேப்பரை மட்டும் பாத்து அவங்களையே ஒரு தடவை திறக்கச் சொல்லுங்க.